கைக்கு இசைந்த ஹாண்டில்

நெடுந்தூரப் பயணத்துக்கென ஒரு சைக்கிளை வாங்கச் செல்பவர் முதலில் அதன் நிறத்தைப் பார்க்கிறார். அடுத்துக் கியரைப் பார்க்கிறார். பின்னர் சில்லையும் ரயரையும் தட்டிப் பார்க்கிறார். விலை பேசி முடிந்த பின்னரே, ஓர் ஒப்புக்காக, ஹாண்டிலைப் பிடித்துப் பார்க்கிறார். கடை வாசலில் நின்று பிடிக்கும்போது எல்லா ஹாண்டில்களும் நன்றாகவே இருக்கும். பல மணி நேரம் தொடர்ந்து பிடித்த பின்னரே அவற்றின் குணம் வெளிப்படும். பயணத்தின் மூன்றாம் நாட் காலையில் சட்டைத் தெறியைப் பூட்ட முயலும்போது, மோதிர விரலும் சின்னவிரலும் தம்முடையவை அல்லாதனபோல் மரத்துக் கிடப்பதை அவர் உணர்கிறார். பேனையைப் பிடித்தால் எழுத்துக் கோணுகிறது. பூட்டில் திறப்பைத் திருப்பவும் விரல்களில் வலு இல்லை. கடையில் அரை நிமிடமும் பெறாத அந்தப் பொருளே பயணத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது என்பது அப்பொழுதுதான் அவருக்குத் தெரிகிறது.

சைக்கிளோட்டுபவரின் உடல் வண்டியை மூன்று இடங்களிலே தொடுகிறது: மிதியிற் காலும், இருக்கையில் இடுப்பும், ஹாண்டிலிற் கையும். கால் உடலின் பாரத்தைச் சுமக்கவென்றே அமைந்த உறுப்பு. இடுப்பும் அமர்ந்து பழகியது. கையோ பற்றுவதற்கும் தொட்டறிவதற்கும் அமைந்த நுண்ணிய கருவி. முழங்கையை எங்கேனும் இடித்துக்கொண்டால் சின்னவிரல் வரைக்கும் ஓர் உணர்ச்சி விர்ரென்று ஓடுவதை அறியாதார் இல்லை. அந்த உணர்ச்சிக்குக் காரணமானது அரந்தி நரம்பு. அது முழங்கையின் உட்புறமாக இறங்கி, உள்ளங்கையின் அடியில், சின்னவிரற் பக்கமாக உள்ள ஒரு சிறு வழியினூடாக விரல்களுக்குச் செல்கிறது. பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் கீயோன் இவ்வழியை 1861 ஆம் ஆண்டில் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அங்கே நரம்பை மூடிக் காக்கும் தசையும் கொழுப்பும் சொற்பம். ஹாண்டில் வந்து அழுத்துவதும் பெரும்பாலும் அவ்விடத்தையே.

இந்நோய் புதியதன்று. இரு சில்லுகளும் ஒத்த அளவுடைய இக்காலச் சைக்கிளின் முன்னோடியை ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1885 இல் வெளியிட்டார். பதினோராண்டுகள் கழிவதற்குள், 1896 இல், பிரான்சைச் சேர்ந்த டெஸ்தோ என்னும் வைத்தியர் சைக்கிளோட்டத்தால் இந்நரம்பு தளர்வுற்றமை பற்றி எழுதிவிட்டார். அண்மைக் காலத்தில், 2003 இல், வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் தெளிவான செய்தியைத் தருகிறது. 600 கிலோமீற்றர் சவாரி ஒன்றிற் கலந்துகொண்ட 25 பேரின் கைகள் சவாரிக்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டன. அவர்களுள் 23 பேரிடம் உணர்ச்சிக் குறைவோ, தசைகளின் வலுக்குறைவோ, இவ்விரண்டுமோ காணப்பட்டன. தசைவலுக் குறைவைப் பொறுத்தவரை, அனுபவசாலிக்கும் புதியவருக்கும் இடையிலோ, ஒருவகை ஹாண்டிலுக்கும் மற்றொரு வகைக்கும் இடையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இந்த இறுதிச் செய்தி ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கடையில் வாங்கக்கூடிய ஏதோ ஒரு வடிவம் தன்னளவிலேயே கையைக் காத்துவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. கையை வருத்துவன மூன்று: அதன்மீது சாரும் பாரம், மடிந்த மணிக்கட்டு, மணிக்கணக்காக மாறாத பிடி. கரடுமுரடான பாதையில் அதிர்வும் சேர்ந்து இம்மூன்றையும் பெருக்குகிறது. ஆகவே எந்த ஹாண்டிலையும் மூன்று கேள்விகளால் எடை போடலாம். அது கையின்மீது எவ்வளவு பாரத்தை ஏற்றுகிறது? மணிக்கட்டை நேராக இருக்க விடுகிறதா? பிடியை மாற்றிக்கொள்ள இடம் தருகிறதா?

இரண்டாவது கேள்விக்கு விடை காண எளிய சோதனை ஒன்று உண்டு. கைக்கொரு பென்சிலை எடுத்து, கண்ணை மூடி, கைகளைத் தோளகலத்தில் முன்னே நீட்டி, ஹாண்டிலைப் பிடிப்பதுபோல் பென்சில்களைத் தளர்வாகப் பற்றிக்கொள்க. இனிக் கண்ணைத் திறந்து பார்த்தால், இரண்டு பென்சில்களும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பது அரிது. அவற்றின் வெளிமுனைகள் உடலை நோக்கிச் சற்றுப் பின்வாங்கியும், சிறிது தாழ்ந்தும் நிற்கும். அதுவே அந்தக் கையின் இயல்பான கோணம். ஒருவருக்கு அது சிறிதாயிருக்கும், மற்றொருவருக்குப் பெரிதாயிருக்கும். முற்றிலும் நேரான குழாயொன்றைப் பிடிக்கும்போது மணிக்கட்டு அக்கோணத்தளவுக்குத் திருகப்படுகிறது. பத்து நிமிடங்களில் அது தெரியாது. பத்து மணி நேரத்தில் தெரியும்.

கையின்மீது பாரம் ஏறுவது கேடு என்பதைச் சைக்கிளின் பாட்டனாரே உணர்ந்திருந்தார் எனலாம். ஜெர்மானியரான கார்ல் வொன் திறைஸ் 1817 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12 ஆந் திகதி, காலால் நிலத்தை உந்திச் செல்லும் தமது மரவண்டியில் மன்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டார். அவ்வண்டியில் ஓட்டுபவரின் முன்னங்கைகள் சாய்ந்திருப்பதற்கெனத் தனியே ஒரு பலகை இருந்தது. வழிப்படுத்தும் பிடி வேறாகவும், பாரம் தாங்கும் பலகை வேறாகவும் அமைந்திருந்தன. பிற்காலத்து வண்டிகளில் பலகை மறைந்தது. வழிப்படுத்துவது, பிறேக் பிடிப்பது, உடலைத் தாங்குவது ஆகிய மூன்று தொழில்களும் ஒரே குழாயின்மேல் விழுந்தன. ஹாண்டிலின் வரலாறு முழுவதும் இம்மூன்றுக்கும் இடையே சமரசம் தேடிய வரலாறே.

இலங்கை நேயர்கள் நன்கறிந்த சமரசம், றலி, ஹம்பர் போன்ற ஆங்கிலேய வண்டிகளில் வந்த ஹாண்டில். அது நடுவில் உயர்ந்து, இருபுறமும் வளைந்து, ஓட்டுபவரை நோக்கித் திரும்பி வரும். ஆங்கிலேயர் இவ்வடிவத்தை நோர்த் றோட் என வழங்குவர். ஆசிரியரும் கமக்காரரும் தபாற்காரரும் நிமிர்ந்த முதுகுடன் ஓட்டிச் சென்றது இதைப் பிடித்தே. மணிக்கட்டுக்கு இது மிக இணக்கமானது. கையின்மேல் பாரமும் குறைவு. யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் ஐந்தாறு மைல் செல்வதற்கு இதைவிடச் சிறந்ததைத் தேடவேண்டியதில்லை. ஆயினும் கையிலிருந்து இறங்கிய பாரம் மறைந்து போவதில்லை. அது முழுவதும் இருக்கையைச் சேர்கிறது. நாள் முழுவதும் ஓட்டும்போது பள்ளந்திட்டிகளின் இடி முள்ளந்தண்டில் நேராக ஏறுகிறது. எதிர்க்காற்று நெஞ்சில் மோதுகிறது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க முயன்றால், பின்னே திரும்பிய முனைகள் முழங்காலில் இடிக்கவும் கூடும். அண்மைப் பயணத்துக்கு வரமாயிருப்பது நெடும்பயணத்துக்குப் போதாமற் போகிறது.

நெடும்பயணத்தையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர். சென் எத்தியென் நகரில் வாழ்ந்த போல் து விவி என்பவர், வெலோசியோ என்னும் புனைபெயருடன், 1887 இல் சைக்கிள் ஏடொன்றைத் தொடங்கி, 1930 இல் இறக்கும்வரை சைக்கிளிற் சுற்றுலாச் செல்லும் வழக்கத்தைப் பரப்பினார். போட்டியில் வெல்வதைவிட, நாள் முழுவதும் மலையும் சமவெளியும் கடந்து உடல் சோராமல் வீடு திரும்புவதே அம்மரபின் குறிக்கோள். அத்தகைய பயணிகளுக்கென அந்நாட்டில் ஒருவகைத் தாழ்வளை ஹாண்டில் உருவாகியது. ஓட்டப் போட்டிச் சைக்கிள்களில் ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முன்சென்று கீழே வளையும் ஹாண்டிலைப் பலரும் கண்டிருப்பர். பயணிகளுக்கான வகையில் நடுப்பகுதியிலிருந்து இருபக்கமும் குழாய் சற்று மேலெழுந்து பின்னரே வளையும். வளைவின் கீழ்முனைகள் வெளிப்புறமாக விரியும்.

தாழ்வளை ஹாண்டில் கொடுமையான பொருள் என்று எண்ணுவோர் பலர். குனிந்த முதுகைக் கண்டே அவ்வாறு எண்ணுகின்றனர். உண்மையில் அதன் சிறப்புத் தாழ்ந்த பிடியில் இல்லை. பிடிகள் பலவாயிருப்பதில் உள்ளது. நடுவிலுள்ள நேர்ப்பகுதி, மேல்வளைவு, பிறேக் பிடியின் தலைப்பு, கீழ்வளைவு, அதன் முனை என ஐந்து இடங்களில் கையை வைக்கலாம். பிறேக்கின் தலைப்பைப் பற்றும்போது, இருவர் கைகுலுக்குவதுபோல் உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஒவ்வோர் இடமும் உள்ளங்கையின் வேறு பகுதியை அழுத்துகிறது. முன்னர் அழுந்திய பகுதி அப்போது இளைப்பாறுகிறது. இதனை வாங்கிய பலர் கைவலியால் வருந்துவதற்குக் காரணம், போட்டிக்காரர் வைக்கும் தாழ்ந்த உயரத்திலேயே அவர்களும் அதை வைத்துக்கொள்வதாகும். கீழ்வளைவை எட்டவே முடியாத ஒருவருக்கு ஐந்து இடங்களில் இரண்டு பயனற்றுப் போகின்றன. அதை இருக்கையின் மட்டத்துக்கேனும், முதியவர்க்கு அதனிலும் மேலேனும், உயர்த்தினால் அதே ஹாண்டில் வேறொரு பொருளாகிவிடும்.

தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் நிலைமை மாறுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டி என்னும் மலைப்பகுதியில், 1976 ஒக்டோபர் 21 இல் இளைஞர் சிலர் பழைய பருமன் ரயர்ச் சைக்கிள்களில் செங்குத்தான மண்பாதை வழியே கீழிறங்கும் போட்டியொன்றைத் தொடங்கினர். இறங்கும்போது பின்சில்லின் பிறேக் சூடேறி அதன் கிறீஸ் முழுவதும் எரிந்துபோகும். ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்பவேண்டும். அதனால் அப்பாதைக்கு 'மீண்டும் நிரப்பு' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரே நிலைத்தது. கேரி பிஷர், சார்லி கெலி, ஜோ பிறீஸ் முதலிய அக்குழுவினரிடமிருந்து மலைச் சைக்கிள் பிறந்தது. அவர்கள் நாடியவை அகன்ற ஹாண்டிலும் மோட்டார் சைக்கிளின் பிறேக் பிடிகளுமே.

அகலத்துக்குக் காரணம் நெம்புகோல் விதி. முன்சில்லு ஒரு கல்லில் மோதும்போது அது ஹாண்டிலைச் சடுதியாகத் திருப்ப முயல்கிறது. அதைத் தடுக்கும் கை, திரும்பும் அச்சிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்குக் குறைந்த வலு போதும். குறுகிய ஹாண்டிலில் அதே வேலைக்குக் கை இறுகப் பற்ற வேண்டும். இறுகப் பற்றிய கைக்கு அதிர்வு முழுமையாக ஏறுகிறது. ஆகவே கரட்டுப் பாதையில் அகலமும் ஒருவகைச் சுகமே. 1990களின் போட்டிக்காரர் 560, 580 மில்லிமீற்றர் அளவுக்கு ஹாண்டிலைக் குறுக்கினர்; ஹாண்டிலை முன்னே நீட்டித் தாங்கும் தண்டை 120 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் நீட்டினர். இன்றைய மலைச் சைக்கிளில் போக்கு நேர்மாறானது: ஹாண்டில் 740 முதல் 800 மில்லிமீற்றர் வரை அகன்றும், தாங்குதண்டு 35 முதல் 60 மில்லிமீற்றராகக் குறுகியும் காணப்படுகின்றன. எனினும் அகலம் எல்லையற்ற நன்மையன்று. தோளுக்கு மிஞ்சிய அகலத்தில் முழங்கைகள் விறைத்து நீள, மார்பு முன்சாய, பாரம் மறுபடியும் கையிலேயே இறங்குகிறது. நல்ல வேளையாக, அகன்றதைக் குறைக்கலாம். குறுகியதை நீட்ட முடியாது. ஆகவே சற்று அகன்றதை வாங்கி, கைபிடிகளை உள்ளே தள்ளிச் சில நாட்கள் ஓட்டிப் பார்த்து, உரிய அளவு தெரிந்தபின் இரு முனைகளையும் சமமாக அறுப்பது விவேகம்.

மலைச் சைக்கிளின் நேர்ஹாண்டிலில் பிறேக்கும் கியரும் கைக்கருகிலேயே உள்ளன; ஆபத்தான இறக்கத்தில் விரலை எடுக்க வேண்டியதில்லை. குறை யாதெனில் அதில் கைக்கு ஒரே ஓர் இடம்தான். இரண்டு மணி நேர மலையோட்டத்தில் உடல் எழுந்தும் அமர்ந்தும் அசைந்தும் கொண்டிருப்பதால் அக்குறை தெரிவதில்லை. கரட்டுப் பாதையிலேயே பல நாட்கள் செல்ல விரும்புவோருக்குத்தான் சிக்கல். கனடாவின் பான்ப் நகரிலிருந்து அமெரிக்காவின் தென் எல்லைவரை, மலைத்தொடரை ஒட்டி 4,000 கிலோமீற்றருக்கு மேல் நீளும் மண்ணும் சரளையும் கலந்த சைக்கிட் பாதையொன்று உண்டு. அதிற் செல்பவர்க்கு மலைச் சைக்கிளின் கட்டுப்பாடும் வேண்டும். பயணச் சைக்கிளின் பல பிடிகளும் வேண்டும்.

இவ்விரண்டையும் இணைக்கப் பல வழிகள் உருவாகியுள்ளன. முதலாவது, தாழ்வளை ஹாண்டிலின் கீழ்முனைகளை நன்றாக வெளியே விரித்தல். கீழ்ப்பிடியில் அகலமும் மேற்பிடியில் வசதியும் கிடைக்கின்றன. இரண்டாவது, அகன்ற ஹாண்டிலின் முனைகளைப் பென்சிற் சோதனை காட்டிய கோணத்தில் பின்னே சாய்த்தல். சாதாரண மலைச் சைக்கிளில் இச்சாய்வு 5 முதல் 9 பாகை வரையே. பயணத்துக்கான சில ஹாண்டில்களில் 45 பாகை வரை செல்கிறது. அவற்றுள் சிலவற்றில் முன்புறமாக ஒரு வளையமும் இருப்பதால், சமதரையில் கைகளை முன்னே நீட்டிப் பற்றலாம். மூன்றாவது, ஜெர்மனியிலும் ஒல்லாந்திலும் பெருவழக்கான, விரித்த வண்ணத்துப்பூச்சியின் சிறகையொத்த ஹாண்டில். அது விலை குறைந்தது, பிடிகள் பல, நேர்ஹாண்டிலின் பிறேக்கையே அதிலும் பூட்டலாம். செங்குத்தான கரட்டு இறக்கத்துக்கு அது அவ்வளவு உறுதியானதன்று. நான்காவது வழி மிக எளியது: இருக்கிற நேர்ஹாண்டிலின் முனைகளில் சிறு கொம்புகளைப் பூட்டுதல். ஏற்றத்தில் அவை இரண்டாவது பிடியாகின்றன.

புதிய ஹாண்டிலுக்குப் பணம் கொடுக்குமுன் பழைய வண்டியிற் செலவின்றிச் செய்யத்தக்கவை சில உள. முதலிற் பார்க்க வேண்டியது இருக்கை. அதன் மூக்குக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் ஓயாது முன்னே வழுகும். வழுகும் உடலைத் தடுப்பது கையே. இருக்கையை மட்டமாக்கியதும் கைவலி தீர்ந்தவர் பலர். அடுத்தது ஹாண்டிலின் உயரமும் தூரமும். ஓடிக்கொண்டிருக்கும்போது, முழங்கை இலேசாக மடிந்திருக்க, விரல்களால் மெல்லத் தாளமிட முடியுமானால் பாரம் சரியாகவே பகிரப்பட்டுள்ளது. முடியாவிடின் ஹாண்டிலை உயர்த்தவோ, குறுகிய தாங்குதண்டைப் பூட்டி அருகே கொணரவோ வேண்டும். மூன்றாவது பிறேக் பிடியின் சாய்வு. முன்னங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடாக நீளும்படி அது அமைதல் வேண்டும். நான்காவது, கைபிடியின் இறப்பர். உருண்டையான மெல்லிய பிடியைவிட, உள்ளங்கையைத் தாங்கும்படி பின்புறம் அகன்ற பிடி நரம்பின்மேல் விழும் அழுத்தத்தைப் பரப்பிவிடுகிறது. ரயரிற் காற்றைச் சிறிது குறைத்தலும் அதிர்வைத் தணிக்கும். மெத்தை வைத்த கையுறை உதவும். ஆனால் பிழையான உயரத்தை அது திருத்தாது.

இவையெல்லாம் செய்தும் தீராதவிடத்தே ஹாண்டிலை மாற்றலாம். அப்போதும் அளவுகள் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று. நேர்ஹாண்டிலில் கைபிடி ஏறும் பகுதியின் விட்டம் 22.2 மில்லிமீற்றர், தாழ்வளை ஹாண்டிலில் 23.8 மில்லிமீற்றர். ஆகையால் ஒன்றின் பிறேக் பிடி மற்றொன்றிற் பொருந்தாது. தாங்குதண்டு கவ்வும் நடுப்பகுதி இக்கால ஹாண்டில்கள் பலவற்றில் 31.8 மில்லிமீற்றர், பழையவை பலவற்றில் 25.4. நேரிலிருந்து தாழ்வளைக்கு மாறுவோர் பிறேக், கியர், கம்பி யாவற்றையும் மாற்ற நேரிடும். செலவு ஹாண்டிலின் விலையைப் பன்மடங்கு மிஞ்சலாம். நேரிலிருந்து பின்சாய்ந்ததற்கோ வண்ணத்துப்பூச்சி வடிவத்துக்கோ மாறுவோர்க்குப் பெரும்பாலும் பழைய உறுப்புக்களே போதும். பலமாக விழுந்து அடிபட்ட அலுமினிய ஹாண்டிலை, பார்வைக்குக் குற்றமற்றதாயினும், மீண்டும் பயன்படுத்தாதிருத்தல் நலம். அது முறியும்போது முன்னறிவிப்புத் தருவதில்லை.

மரத்த விரலை வீரத்தின் அடையாளமாகக் கொள்வோரும் உளர். அரை மணி நேரத்தில் மறையும் மரப்பு ஓர் எச்சரிக்கை. மறுநாட் காலையிலும் அது மறையாதிருந்தாலோ, விரல்களை விரித்துச் சேர்க்கும் வலு குறைந்தாலோ, பயணத்தை நிறுத்தி வைத்தியரைக் காணுதல் வேண்டும். நசுங்கிய நரம்பு மெல்லவே தேறும். சிலருக்கு வாரங்கள் செல்லும், சிலருக்கு மாதங்கள் செல்லும். அதுவரை எழுதுவதும் தைப்பதும் கத்தி பிடிப்பதும் தடைப்படும். கையால் உழைத்து உண்பவனுக்கு அது வருவாய்க்கே கேடு.

எனவே சிறந்த ஹாண்டில் எது என்னும் கேள்விக்குக் கடைக்காரரிடம் விடை இல்லை. செல்லும் பாதையும், செல்லும் நேரமும், பென்சிலைப் பிடித்த கையின் கோணமும் சேர்ந்தே அதற்கு விடை கூறுகின்றன. அண்மைத் தெருவுக்குப் பின்வளைந்த பழைய ஹாண்டில். நெடுஞ்சாலைக்குப் பிடிகள் பலவுள்ள, உயர்த்தி வைத்த தாழ்வளை. கரட்டு மலைக்கு அகன்ற நேர். இரண்டும் கலந்த வழிக்கு விரிந்ததோ பின்சாய்ந்ததோ. எதை எடுத்தாலும் கால்மணிக்கொரு தரம் கையை இடம் மாற்றுவது ஓட்டுபவரின் கடமை. மாலையில் வண்டியைச் சுவரிற் சாத்திவிட்டு, தேநீர்க் குவளையை ஐந்து விரல்களாலும் உறுதியாகப் பிடிக்க முடியுமானால், அன்று அவர் பற்றியிருந்த ஹாண்டில் அவருக்கு ஏற்றதே.